இருபது பஸ்ஸில் ஒருவன்

அடக்கிவைப்பது எனக்குத் தொழில்.
பொத்துவிலில் விடியமுன் ஸ்டார்ட் பண்ணினால்
அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி,
ஆட்கள் இறங்குவார்கள், நான் இறங்கேன்,
மட்டக்களப்பு வரும்வரை.
முப்பத்தொரு வருஷம்.
சீட்டுக்கடியில் மூடி திறவாத தண்ணீர்ப் போத்தல்,
உதட்டில் மட்டும் எப்போதும் ஒரு சிகரெட்.

ஒருநாள் கோட்டைக்கல்லாறு பாலம் தாண்டி
தாங்கமுடியாமல் நிறுத்தினேன்.
தாழை மறைவில், வெள்ளை மணலில்,
சிவப்பு.
யாரோ துப்பின வெற்றிலை என்று நினைத்து
கொஞ்சம் தள்ளி நின்று
இன்னொருக்கா போய்ப் பார்த்தேன்.

சலப்பைக்குள் முளைத்ததைச் சுரண்டி எடுத்தார்கள்.
மறுகா ஒரு மருந்து, உள்ளே ஊற்றுவது.
இடது தோளில் தழும்பாய் இருக்கிறதே, அந்த பிசிஜிதான்.
காசக் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி.
உயிரோடுதான் வரும்.
ஆறு செவ்வாய்க்கிழமை.

"ரெண்டு மணித்தியாலம் விடப்படாது ஐயா" என்றா மிஸ்.
சிரித்தேன். பொத்துவில் கதையைச் சொல்லவில்லை.
கால்மணிக்கொருக்கா கிறுகவேணும்,
இடம், வலம், மல்லாக்க, குப்புற.
பெருங்குடல் வாட்டுக்காரர் ஒருவர்
என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்,
அவருக்குப் பொழுது போனது.

வீட்டில் குந்தித்தான் போகவேணும்.
போனதும் குளோரின் ஊற்றி இருபது நிமிஷம்.
சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தி
மணிக்கூட்டோடு வாசலில் நிற்பாள் இன்பவதி.

ஐந்தாம் செவ்வாய் குழாய் உள்ளே உரசிவிட்டது.
ஒரு சொட்டு.
பெரிதாக யாரும் எடுக்கவில்லை, நானும்தான்.

அதன்பிறகு பின்னேரம் ஆனால் காய்ச்சல்,
நாலரைப் பஸ் போல, ஆனால் பிந்தாமல்.
இரவில் வியர்த்து பாய் நனையும்.
டெங்கு இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை.
நெஞ்சுப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள்:
குரக்கன் தூவினமாதிரி, இரண்டு பக்கமும்.

சின்ன டொக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"இது மிச்சம் அரிது. ஆயிரத்தில ஒண்டு ரெண்டு."
பார்க்க வந்த கொண்டக்டர் ஆதம்லெப்பை
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
"அம்பத்திநாலு சீட். இருபது பஸ் நிரப்பி ஏத்தினா
அதுல ஒராள்.
அதெப்படி நம்மட பஸ்ஸில,
அதுவும் டைவர்?"
பிறகு இருவரும் சிரித்தோம்,
பிறகு அவர் தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்,
வெகுநேரம் உரித்தார்.

நோயை இறக்க ஏற்றிய ஆள்
டிக்கட் முடிந்தும் இறங்கவில்லை.
ஈரலிலும் ஒரு சீட் பிடித்திருந்தான்.

நெஞ்சுக் கிளினிக் வாசலில் பெரிய போட்.
அதற்குக் கீழே நான் நின்றதை யாரோ கண்டிருக்கிறார்கள்.
பக்கத்து வீட்டு மலர்விழி
தேத்தண்ணி வேண்டாம், இப்பதான் குடிச்ச என்கிறாள்,
மூன்று கிழமையாய் இப்பதான் குடிக்கிறாள்.
காசம் எனக்குத் தொற்றினதில்லை, ஊற்றினது,
அதுவும் காசமில்லை, அதன் தம்பி...
வேலிக்கு மேலால் சொல்லி முடிக்கிற வசனமா இது?

குளுசை தொடங்கின மறுநாள் விடிய
கோப்பை முழுக்கச் சிவப்பு.
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு குளுசையின் சாயமாம் அது;
சொன்னார்களாம், எனக்குக் கேட்கவில்லை.
கண்ணீரும் அந்த நிறத்தில் வருமாம்.
சோதித்துப் பார்க்க மனமில்லை.

இன்னொரு குளுசை கண்ணைப் பிடிக்கும்.
மாதமொருக்கா புள்ளிப் புத்தகம் விரிப்பார்கள்,
பச்சைக்குள் சிவப்பு, சிவப்புக்குள் பச்சை,
உள்ளே ஒளிந்த இலக்கம்.
"எழுபத்தினாலு" என்றேன்.
எங்கட பழைய பஸ்ஸின் கடைசி இரண்டு இலக்கமும் அதுதான்,
அதனால் கண்டேனோ, தெரியாது.

காய்ச்சல் விட்டுவிட்டது. பதினொரு கிலோ போய்விட்டது.
ஆவணியில் திரும்பக் குழாய்க்கமரா போடுவார்கள்.
அதுவரைக்கும் ஒவ்வொரு விடியலும் குனிந்து பார்ப்பது.
குளுசைச் சிவப்பு தேயிலைச்சாயம் போல
எங்கும் ஒரேமாதிரிப் பரவும்.
மற்றது நூல்நூலாய் இறங்கும்.
இதைப் பிரிக்க ஒரு புத்தகமும் இல்லை.

கதவுக்கு வெளியே இன்பவதி.
"என்ன மாதிரி?"

"நூல் இல்லை" என்கிறேன்.
வாளியில் தண்ணீர் திறக்கிற சத்தம்.